சண்டையைத் தவிர்த்தே நாட்டை மீட்ட ஐந்தாம் சார்ல்

காரைக்காலில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்களின் வீடுகளில் பென்ஷனைப் பிராங்க் கணக்கில் பேசியது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பிராங்க் 1360-ல் ஒரு தோல்வியில் பிறந்த காசு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரில், 1356-ல் புவாத்தியே என்ற இடத்தில் ஆங்கிலேயர் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ழானைச் சிறைபிடித்து, விடுவிக்க 30 லட்சம் எக்யூ என்ற தங்கக் காசு கேட்டார்கள். அதற்காகப் புது நாணயம், புது வரி: விற்கும் சரக்கில் 20-ல் ஒரு பங்கு, ஒயினில் 13-ல் ஒன்று, உப்பில் 5-ல் ஒன்று. உப்பு வரியின் கனம் வேதாரண்யத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1364-ல் பட்டமேறிய மகன் சார்ல் அந்தத் தொகையைக் கட்டி முடிக்கவில்லை, வரியையும் நிறுத்தவில்லை. அந்தப் பணத்தைப் படைச் செலவுக்குத் திருப்பிவிட்டார். நாட்டை மீட்டவர் என்று சார்லின் தளபதி து கெக்ளானைப் புகழ்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை. சம்பளம் நின்றால் கூலிப்படை ஊரைச் சூறையாடும். அன்றைய பிரான்சுக்கு எதிரிக்குச் சமமான தொல்லை அது. 1374 ஜனவரியில் சார்ல் ஆணை போட்டார்: 100 பேருக்கு ஓர் அணி, அரசரின் கடிதம் இல்லாமல் எவரும் தலைவராக முடியாது, ஆளையும் குதிரையையும் ஆயுதத்தையும் நேரில் பார்த்த பிறகே சம்பளம், ஆட்கள் செய்யும் சேதத்துக்குத் தலைவரே பொறுப்பு.

ஆங்கிலப் படை வழியில் கிடைத்த தானியத்தைத் தின்று, மிச்சத்தைக் கொளுத்திக்கொண்டே முன்னேறும். விளைச்சல் அழிவதைக் கண்டு பிரெஞ்சுக்காரர்கள் கோபத்தோடு திறந்த வெளிக்கு வந்தால், நீள்வில் வீரர்கள் காத்திருப்பார்கள். சார்ல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தானியமும் மாடும் கோட்டைக்குள், கதவு சாத்து, பெரும்போர் கூடாது. சிறு குதிரைப்படைகள் பக்கவாட்டில் தொடர்ந்து, இரை தேடிப் பிரிந்து வருபவர்களை மட்டும் அடிக்கும். 1373 ஆகஸ்டில் வடக்கே காலே துறைமுகத்திலிருந்து ஆங்கிலப் படையோடு கிளம்பிய லங்காஸ்டர் கோமகன் ஜான், குளிர்காலத்தில் ஒவேர்ன் மலைநாட்டைக் கடந்து தென்மேற்கே ஆங்கிலேயர் வசமிருந்த போர்தோ சேர்ந்தபோது பெரும்பாலான குதிரைகள் செத்திருந்தன. ஒரு முக்கிய நகரமும் அவர் கைக்கு வரவில்லை. ஆனால் மதிலுக்கு வெளியே இருந்த குடியானவனின் வீடு எரிந்தது. இந்த உத்தியின் விலையைக் கொடுத்தவன் அவன்தான்.

1380-ல் சார்ல் இறந்தபோது ஆங்கிலேயரிடம் எஞ்சியவை காலே, ஷெர்பூர், பிரெஸ்ட், போர்தோ, பயோன் ஆகிய துறைமுகங்களும் அவற்றை ஒட்டிய நிலமும்தான். மரணப்படுக்கையில் வீட்டுக்கு வீடு வாங்கிய அடுப்பு வரியை அவரே ரத்து செய்தார். கருணைதான், ஆனால் படைக்குச் சோறு போட்ட வரி அது. இரண்டு மாதத்தில் மற்ற வரிகளும் போயின. 1382-ல் அவற்றைத் திரும்ப விதித்ததும் பாரிஸ் மக்கள் ஈயச் சம்மட்டிகளோடு தெருவில் இறங்கினார்கள்.