ஒன்பது டியூப் லைட்டும் ஒரு தூணும்

நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு என் மாடல் பெட்டிக்குள் ஒன்பது குட்டி டியூப் லைட்டும் ஒன்றாக எரிந்தன. ஹாஸ்டலில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எழுப்பிக் காட்டினால் அடி விழும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மூன்றாம் ஆண்டுக் கண்காட்சிக்குத் தலைப்பு தனிமை. ஆள் உருவம் வரவே கூடாது, வெறும் இடங்கள் மட்டும்தான் என்பது நாங்களே போட்டுக்கொண்ட விதி. ஒருத்தி லீவு நாளில் பள்ளிக்கூட வராந்தாவைக் கரியில் வரைகிறாள். ஒருத்தன் மழைக்காலத்து நீச்சல் குளத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். நான் சென்னைப் பறக்கும் ரயில் ஸ்டேஷன் ஒன்றின் கூடத்தை 90 சென்டிமீட்டர் பெட்டிக்குள் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் ஓட ஆரம்பித்து, 1997-இல் திருமயிலை, 2007-இல் வேளச்சேரி என்று நீண்ட தடம் அது. பின்னால் வரப்போகும் பெருங்கூட்டத்தை நினைத்துக் கட்டிய கூடங்கள். கடைகளுக்கென்று எழுப்பிய தளங்கள் பல இடங்களில் காலியாகவே கிடந்தன. மத்தியானம் இரண்டு மணிக்கு இறங்கினால் நம் செருப்புச் சத்தம் நமக்கு முன்னால் போய் சுவரில் முட்டித் திரும்பி வரும். எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். தினம் போகிறவர்கள் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

சன்போர்டு அட்டை வெட்டுவது, மூலை சேர்ப்பது, பட்டி பார்ப்பது எல்லாம் மாடல் செய்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான். என் உயிரை வாங்கியது டியூப் லைட்.

முதலில் எல்.ஈ.டி ஸ்டிரிப்பை ஒட்டி மேலே பட்டர் பேப்பர் போட்டேன். கூரையில் வெளிச்சம் வந்ததே தவிர டியூப் லைட் வரவில்லை. ஸ்டேஷன் கூரையில் கண்ணுக்குத் தெரிவது மெல்லிய வெள்ளைக் கோடு, நடுவில் இருட்டு, மறுபடி கோடு. அந்தக் கோடு வேண்டும். அப்போதுதான் இழை போலிருக்கும் எல்.ஈ.டி ஞாபகம் வந்தது. பழைய குண்டு பல்பு மாதிரியே இப்போது விற்கிறார்களே, அதற்குள் இருக்கும் மஞ்சள் குச்சி. ஃபியூஸ் போன இரண்டு பல்பை உடைத்துக் குச்சிகளைக் கழற்றி 12 வோல்ட் கொடுத்தேன். ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: அந்தக் குச்சிக்குள் சின்னச் சின்ன எல்.ஈ.டி வரிசையாகக் கோத்திருக்கிறது, 60 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால்தான் கண் திறக்கும். குழந்தைகள் விரல் நீட்டிப் பார்க்கப்போகும் பெட்டிக்குள் அதை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

3 வோல்ட்டில் எரியும் குச்சி தனியாகவே வருகிறது. நீளம் 38 மில்லிமீட்டர். இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாலடி டியூப் லைட் 1200 மில்லிமீட்டர்; 32-ஆல் வகுத்தால் 37.5. பழைய தடி டியூப்பின் குறுக்களவு 38 மில்லிமீட்டர். அதையும் 32-ஆல் வகுத்தால் 1.2, குச்சியின் தடிமனும் கிட்டத்தட்ட அதுதான். உடனே அதுவரை 1:24-இல், அதாவது நிஜ அளவில் 24-இல் ஒரு பங்காக, வெட்டி வைத்திருந்த சுவர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு 1:32-க்கு மாறினேன். விளக்குக்காக வீட்டை இடித்தவன் என்று பக்கத்து மேஜைக்காரன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும்.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் முதலில் கிடைத்தது எல்லாம் மஞ்சள் வெளிச்சம். மாட்டிப் பார்த்தால் கல்யாண மண்டபம். வெள்ளைக்கு மூன்று வாரம் அலைந்தேன். அங்கே போகிறவர்களுக்கு ஒரு யோசனை: வாங்கும்போதே கடையில் ஒவ்வொரு குச்சியையும் பட்டன் செல்லில் எரித்துப் பாருங்கள். அலுத்துக்கொள்வார்கள், ஆனால் விடுவார்கள். குச்சியின் கால் இருக்கிறதே, அது அப்பளம். ஒரு தரம் வளைக்கலாம், மறுதரம் ஒடியும். சால்டரிங்கில் சூடு அதிகமானாலும் போச்சு. வாங்கியது பன்னிரண்டு, ஒடித்தது மூன்று. ஏன் ஒன்பது டியூப் லைட் என்று கண்காட்சியில் யாராவது அர்த்தம் கேட்டால் இதுதான் அர்த்தம்.

ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் தனியாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ரெசிஸ்டரில் மாட்டினால் ஒன்று பளீரென்றும் இன்னொன்று மினுக்கட்டியாகவும் எரியும். பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட்டுக்கு 100 ஓம் போட்டேன், கண் கூசியது. 220-இல் சரியாக வந்தது. இரண்டு மட்டும் மங்கலாக எரியட்டும் என்று 470. ஸ்டேஷனில் எந்த இரண்டு டியூப்பும் ஒரே மாதிரி எரிந்து நான் பார்த்ததில்லை. முனைகளில் பென்சில் தூளைத் தேய்த்துக் கறுப்பாக்கினேன்.

அப்புறம் ஒரு கூத்து. ஒரு டியூப் மட்டும் மினுக்க வேண்டும் என்று ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை வைத்து இரண்டு நாள் புரோகிராம் எழுதினேன். முதலில் பிள்ளையார் பந்தல் சீரியல் செட் மாதிரி இருந்தது. ஒழுங்கில்லாமல் மினுக்க வைத்ததும் நிஜமாகவே சாகப்போகும் டியூப் போலவே ஆனது. பெருமையாக இருந்தது. ரூம்மேட் பார்த்துவிட்டு, "பேய்ப் படமா மச்சான்?" என்றான். சார் ஒன்றும் சொல்லவில்லை. டென்மார்க் ஓவியர் ஹாமர்ஷோய் (1864–1916) தன் வீட்டுக் காலி அறைகளையே திரும்பத் திரும்ப வரைந்த படங்களைப் புரட்டிக் காட்டி, "இதுல ஏதாவது மினுக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் உழைப்பு. கோபம் வந்தது. ராத்திரி நானோவைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அசையாமல் ஒன்பதும் எரிந்தன, யாரும் இல்லாத கூடத்தில், யாரோ வருவார்கள் என்பது போல. சார் சொன்னது சரி. நானோவை வேறெதற்காவது வைத்துக்கொள்கிறேன்.

2019-இல் ‘பேக்ரூம்ஸ்’ என்ற பெயரில் இணையத்தில் பரவிய அந்த மஞ்சள் அறைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். காலி அறை, கூரையில் விளக்கு, வேறு எதுவும் இல்லை. அதை எங்கே எடுத்தார்கள் என்று 2024-இல்தான் கண்டுபிடித்தார்கள்: அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஓஷ்கோஷ் ஊரில், பழைய ஃபர்னிச்சர் கடை ஒன்றை ஹாபி கடையாக மாற்றும் வேலை நடந்தபோது, 2002-இல். உலகத்தையே பயமுறுத்திய படத்தில் இருப்பது நம்மைப் போன்ற மாடல் பைத்தியங்கள் ரிமோட் கார் ஓட்டுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்த இடம்! அதிலும் மினுக்கல் இல்லை.

மிச்சம் இருப்பது கண்ணாடி. மேலிருந்து பார்த்தால் பொம்மை வீடு. எல்லோரும் "க்யூட்" என்கிறார்கள். அதனால் மூடி போட்டு, பார்ப்பதற்கு ஒரே ஓட்டை. நிற்கும் மனிதனின் கண் 160 சென்டிமீட்டர் உயரம் என்றால், 32-ஆல் வகுத்து, பெட்டியின் தரையிலிருந்து 5 சென்டிமீட்டரில் ஓட்டை. எதிர்ச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தால், நிஜ அளவில் 29 மீட்டர் வரும் கூடம் 58 மீட்டராக நீளும். நீண்டது. ஆனால் கடைசியில் ஒரு கண். என் கண்! ஆளே இல்லாத இடத்தில் ஆள் முழித்துக்கொண்டிருக்கிறான்.

கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தேன். கண் போகவில்லை, நகர்ந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டது. முழுக்க விரட்ட ஆறு டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டியிருக்கிறது, அப்படிச் செய்தால் கூடமே நடுவில் முறிந்து தெரிகிறது. பழைய ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடிக்கும் சொல்லி வைத்திருந்தேன். முன்பக்கமே பூச்சு இருப்பதால் சுவர் சேரும் இடத்தில் இடைவெளி தெரியாது. ஆனால் அது குறுகலான பட்டையாகத்தான் வருகிறது, எனக்கு 19 சென்டிமீட்டர் அகலம் வேண்டும்.

கடைசியில் கண் தெரியும் இடத்தை மறைத்து, கண்ணாடிக்கு முன்னால் ஒரு தூண் நிறுத்திவிட்டேன். இரண்டு சென்டிமீட்டர் அகலம். நிஜ ஸ்டேஷனில் அந்த இடத்தில் தூண் கிடையாது. காலையில் ரூம்மேட்டைப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தவன், "அந்தத் தூணுக்குப் பின்னாடி யாருடா நிக்கிறது?" என்றான். நான் இன்னும் சொல்லவில்லை. தூணுக்கு சிமென்ட் கலர் இரண்டாவது கோட் அடிக்க வேண்டும், முதல் கோட் பளபளக்கிறது.