வீட்டில் பூனை இருக்கிறதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குத் தாதியாகப் போய்வந்த காலத்தில், குழந்தையின் தலையைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் பூனை இருக்கிறதா?" என்பதுதான். புதுத் தாய்மார்கள் சிரிப்பார்கள். தாதியை அங்கே மிஸ்ஸி என்பார்கள். மிஸ்ஸிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்கள். இந்தக் கேள்வியை எனக்குப் பாடப்புத்தகம் கற்றுத் தரவில்லை. ஒரு பெண் குழந்தையின் தலை கற்றுத் தந்தது.

அதற்கு முன்பு என் கண்ணுக்குத் தலைப் பொருக்கு என்றாலே கைக்குழந்தைப் பொருக்குதான். பிறந்த சில வாரங்களில் உச்சந்தலையில் மஞ்சளாய், பிசுபிசுப்பாய்ப் படியும், அரிக்காது, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகவே போய்விடும். எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஷாம்பு போட்டு எண்ணெயை மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். இந்தக் 'கழுவ வேண்டும்' என்பதில்தான் பாட்டிமார்களோடு எனக்கு ஓயாத வழக்கு. எண்ணெய் தலையிலேயே இருந்தால் சூடு தணியும் என்பது அவர்கள் கட்சி. அந்தப் பொருக்கில் பங்குள்ள மலசேசியா என்ற நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையைத் தின்றே வளர்வது என்பது என் கட்சி. பெரும்பாலும் பாட்டிமார்களே ஜெயித்தார்கள்.

அந்தப் பெண் குழந்தை 18 மாத ஊசிக்கு வந்திருந்தாள். அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். தாய் போகிற போக்கில், "மிஸ்ஸி, தலையில் கொஞ்சம் பொருக்கு" என்றார். ஊசி தொடையில், என் பார்வையும் தொடையில். வெளியே வரிசை நீண்டிருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் தடவிக் கழுவுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஒன்றரை வயதில் கைக்குழந்தைப் பொருக்கு ஏன் புதிதாக வர வேண்டும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் முடி ஒட்ட ஒடிந்திருந்ததையும் கண்டேன், கண்டதோடு சரி.

வீட்டில் பாட்டி அதைப் புழுவெட்டு என்று முடிவு செய்து சின்ன வெங்காயம் தேய்த்தார். புழுவெட்டு விழுந்த இடம் வழவழவென்று இருக்கும், செதில் இருக்காது. இதில் செதிலும் இருந்தது, கறுப்புப் புள்ளிகளாக ஒடிந்த முடியும் இருந்தது. பிறகு யாரோ சொன்னார்கள் என்று கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினார்கள். அது ஸ்டீராய்டு களிம்பு. அரிப்பு அடங்கியது, உள்ளே பூஞ்சை சுகமாகப் பரவியது.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் மொட்டை. சந்தனம் காய்ந்து உதிர்ந்தபோதுதான் தலையில் திட்டுத் திட்டாக இருந்தது வெளியே தெரிந்தது. இரண்டு வாரத்தில் ஒரு திட்டு பாதி எலுமிச்சை அளவுக்கு வீங்கிச் சீழ் கட்டியது. பின்கழுத்தில் புளியங்கொட்டை போல நெறிகள். சவரக்கத்தி பட்டுவிட்டது என்றார் தாய். கீறிவிட்டால் சரியாகிவிடும் என்றார் தகப்பன். கட்டிக்கென்று ஏழு நாள் மருந்து கொடுத்தார்கள், அசையவில்லை.

தோல் மருத்துவரிடம் நானும் கூடவே போனேன். குற்ற உணர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிறு இடுக்கியால் திட்டின் ஓரத்து முடியைப் பிடித்தார். கையோடு வந்தது, குழந்தை அழக்கூட இல்லை. அறையை இருட்டாக்கி ஊதா நிற விளக்கை அருகே பிடித்தார். தலையில் அங்கங்கே பச்சையாய் மின்னியது. பிறகுதான் நிமிர்ந்து, "வீட்டில் பூனை இருக்கிறதா?" என்று கேட்டார்.

இல்லாமலா? செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. எலி இருந்தால் பின்னாலேயே பாம்பு. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்தில் பூனையில்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். பூனையிடமிருந்து தொற்றும் பூஞ்சை இது. உடம்பில் வந்தால் படர்தாமரை என்று எல்லாரும் கண்டுகொள்ளும் நோய்தான் இதுவும். தலையில் வரும்போது மட்டும் நமக்கு அடையாளம் தெரிவதில்லை. வீக்கமும் சாதாரணச் சீழ்க்கட்டி இல்லை, பூஞ்சைக்கு எதிராக உடம்பு காட்டும் கோபம். கீறக்கூடாது என்றார் மருத்துவர். முடியின் வேர்வரை களிம்பு போய்ச் சேராது என்பதால் வாய்வழி மருந்து, கிரிசியோபுல்வின், எட்டு வாரம். கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும் என்று பாலோடு கொடுக்கச் சொன்னார். வீட்டிலிருந்த மற்றப் பிள்ளைகளுக்குப் பூஞ்சைக்கான ஷாம்பு. சீப்பு, தொப்பி, தலையணை உறை எல்லாம் தனித்தனி.

பூனையைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடலாம் என்றார் தகப்பன். பாட்டி, "அப்படியானால் என்னையும் அங்கேயே விட்டுவிடு" என்றார். காது ஓரத்தில் சிறு வழுக்கை தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. பார்வைக்கு நன்றாக இருக்கும் பூனையும் இதைச் சுமக்கும். கடைசியில் கூடையில் வைத்துக் கட்டி, மோட்டார் சைக்கிளில் கால்நடை மருத்துவரிடம் போய்வந்தார்கள். வழி நெடுக அது கத்திய கத்தல் லயம் முழுவதும் பேச்சாயிற்று.

முடி வளர்ந்தது, இருபது சென் காசளவு இடத்தில் மட்டும் தழும்பு விழுந்து வளரவே இல்லை. நான் பார்த்த அன்றே பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்தக் காசளவும் தப்பியிருக்கும். தாய் இதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் இரண்டாவது பிள்ளையை 18 மாத ஊசிக்குக் கொண்டுவந்தபோது, ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, விரல்களால் முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி பொறுமையிழந்துவிட்டார்.

"என்ன மிஸ்ஸி, பேன் பார்க்கிறீர்களா? பூனைக்கு ஒன்றுமில்லை, நேற்றுத்தான் குளிப்பாட்டினேன்."