டிசிஏ எக்செல் பிராக்டிகல்: அந்த டாலர் குறி

காட்பாடி, குடியாத்தம் பக்கம் டிசிஏ (கம்ப்யூட்டர் டிப்ளமோ) படிக்கிற தம்பி தங்கச்சிகளே, எக்செல்ல நிறைய பேர் மார்க்கை விடுற இடம் இதுதான். ஆம்பூர் ஷூ பில் போடுறீங்கன்னு வைங்க. விலை சி2 செல்லுல (கட்டத்துல), வரி சதவீதம் எஃப்1-ல. டி2-ல =சி2*எஃப்1 போட்டா விடை சரி. கீழே இழுத்தா டி3-ல அது எஃப்2 ஆயிடும். காலி செல், அதனால 0 வரும். ஃபார்முலால எஃப்1 மேல கர்சரை வச்சு கீபோர்டுல எஃப்4 கீயை அழுத்துங்க, $எஃப்$1 ஆயிடும். டாலர் குறி இருந்தா கீழே இழுத்தாலும் எஃப்1 மாறாது. சில லேப்டாப்ல எஃப்என் பட்டனையும் சேர்த்துப் பிடிக்கணும்.

எண் இடப்பக்கம் ஒட்டி நின்னா சந்தேகப்படுங்க. எக்செல் அதை எழுத்தா எடுத்திருக்கும், சம் (SUM) ஃபார்முலா அதைக் கூட்டாது. பச்சை முக்கோணத்துல 'கன்வெர்ட் டு நம்பர்' கொடுங்க.

அப்புறம், வேலூர் வெயில்ல கரண்டை நம்பாதீங்க. ஒவ்வொரு வரி அடிச்சதும் கன்ட்ரோல் எஸ் போட்டு சேவ் பண்ணுங்க!