அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து

தங்கைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மலேசிய அரசின் உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். தரும் கல்விக் கடனுக்கு என்னென்ன தேவை என்று கேட்டாள். "முதலில் உன் பிறப்புப் பத்திரத்தையும் அப்பாவின் அடையாள அட்டையையும் எடு. இரண்டிலும் அப்பாவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படி" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

2014இல் நான் விண்ணப்பித்தபோது, சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா குலை வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வரிசையில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். அதில் பெருமை இருந்தது. ஆனால் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. எஸ்.எஸ்.பி.என். எனும் பி.டி.பி.டி.என்.-இன் கல்விச் சேமிப்புக் கணக்கை 20 வெள்ளி (ரிங்கிட்) போட்டுத் திறக்க வேண்டும் என்பதும், தேசியச் சேமிப்பு வங்கியில் 5 வெள்ளி கொடுத்து 'பின்' (PIN) எனும் ரகசிய எண் வாங்கினால்தான் இணையப் படிவத்துக்குள் நுழையவே முடியும் என்பதும் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு பஸ் பயணத்தில்தான் தெரிந்தன. பட்டணத்து இணைய நிலையத்தில், துப்பாக்கி விளையாட்டு விளையாடும் பையன்களுக்கு நடுவே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன்.

கடன் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. சிக்கல் ஒப்பந்தப் பத்திரத்தில் வந்தது. அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் நகல்களைச் சரிபார்த்து முத்திரை குத்திக் கொடுத்தார். எல்லாவற்றையும் பி.டி.பி.டி.என். அலுவலக முகப்பில் நீட்டினால், அங்கிருந்த பெண் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். என் பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் ஆங்கில எழுத்து வரிசையின் பதினாறாம் எழுத்தோடும், அவருடைய அடையாள அட்டையில் இரண்டாம் எழுத்தோடும் இருந்தது. சுப்ரமணியத்தின் அந்த 'ப்'. தமிழில் எழுதியிருந்தால் வழக்கே இல்லை; நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

நான் பிறந்தபோது யார் வாய்மொழியாகச் சொல்லி, யார் காதால் கேட்டு எழுதினார்களோ தெரியாது. அந்தப் பெண் சொன்னதில் தவறில்லை. தாளில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டு ஆள்தானே.

வழி என்னவென்றால், இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார். எந்தப் பெயர் சரி என்று ஆணையர் மலாயில் கேட்டார். "ரெண்டும் நான்தான் ஐயா" என்று அப்பா தமிழிலேயே பதில் சொன்னார். ஆணையருக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

இதற்குள் பல வாரங்கள் ஓடிவிட்டன. என் ஒப்பந்தம் தாமதமானதால் பணமும் தாமதமானது. வகுப்பு தொடங்கியபோது கையில் ஒன்றுமில்லை. அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும் முன்பே 1,500 வெள்ளி வரை முன்பணம் உண்டு என்பது இரண்டாம் பருவத்தில் அறைத் தோழன் சொல்லித்தான் தெரிந்தது. முன்பணம் என்றாலும் அது கடனிலிருந்து கழிக்கப்படும் பணம்தான், ஆனால் வளையலைக் காப்பாற்றியிருக்கும். இன்றும் எனக்கு ஆறாத ஒன்று இதுதான்.

திருப்பிக் கட்டும் கதை அவ்வளவு பெரிதல்ல. முதல் வகுப்பில் தேறினால் கடனே தள்ளுபடி என்பார்கள். நான் அந்த ஊர் எல்லைக்கு அருகில் கூடப் போகவில்லை. ஏறத்தாழ 25,000 வெள்ளி, ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா எனும் சேவைக் கட்டணம், 15 ஆண்டுத் தவணை. மாதம் 160 வெள்ளி போல ஆகிறது. படிப்பு முடிந்து 2018இல் வெளியே வந்தபோது, கட்டத் தொடங்குவதற்கான அவகாசம் ஆறு மாதத்திலிருந்து 12 மாதமாகியிருந்தது. கடன் கட்டாதவர்களை வெளிநாடு போகவிடாத பயணத் தடையும் அதே ஆண்டில்தான் நீங்கியது. அந்தத் தடைக்குப் பயந்து சிங்கப்பூர் வேலையை விட்ட ஓர் அண்ணனை எனக்குத் தெரியும். அவர் கணக்கைப் பார்த்த பிறகு, முதல் சம்பளத்திலிருந்தே தவணையைத் தானாகக் கழியும்படி வைத்துவிட்டேன்.

தங்கை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாள். அவளுடைய பத்திரத்தில் எல்லாம் பொருந்துகிறது. முன்பணத்துக்கும் சேர்த்து இன்று இரவே விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா மட்டும் கேட்கவில்லை. பிஸ்கட் டின்னிலிருந்து மடிப்பு கிழிந்த அந்தப் பிரமாணப் பத்திரத்தை எடுத்து, "இதிலும் ஒரு நகல் வைத்துக்கொள் அம்மா" என்று அவள் கோப்பில் செருகிக்கொண்டிருக்கிறார்.