மின்னஞ்சல் வந்து சேரவில்லையா? சிக்னலை விட்டுவிட்டு அமைப்புகளைப் பாருங்கள்

மழைக்காலத்தில் மின்னஞ்சல் வராமற்போனால், அப்புத்தளையிலும் எல்லவிலும் விருந்தினர் விடுதி நடத்துகின்றவர்களும், அட்டனில் தேயிலைத்தூளைப் பொதிசெய்து வெளியூருக்கு அனுப்புகின்றவர்களும் முதலில் சந்தேகிப்பது சிக்னலைத்தான். மின்சாரம் போவதும் தொலைபேசிக் கோபுரம் ஓய்ந்துவிடுவதும் மலையகத்தில் புதிதல்ல என்பதால் அது இயல்பானதே. ஆனால் சொந்த டொமைனுக்கு (உங்கள் இணையத்தளத்தின் பெயரில் உள்ள முகவரிக்கு) வரும் மின்னஞ்சல், அனுப்பியவரின் சேர்வரிலிருந்து நேரே உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின், அதாவது தளத்தையும் அஞ்சலையும் வைத்திருக்கும் நிறுவனத்தின், சேர்வருக்குச் செல்கிறது. அங்கு சேர்ந்துவிட்டதை எடுத்துக் காட்டுவது மட்டுமே உங்கள் தொலைபேசியின் வேலை. அந்தச் சேர்வரே சில மணித்தியாலங்கள் இயங்காவிட்டாலும், அனுப்பும் பக்கம் பொதுவாக 4, 5 நாட்களாவது திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்று மின்னஞ்சல் நியமம் கூறுகிறது. ஆகவே ஒரு கடிதம் அடியோடு வராமற்போயிருந்தால், காரணத்தை அமைப்புகளில்தான் தேட வேண்டும்.

அனுப்பியவருக்கு அறிவிப்பு ஏதும் திரும்பி வந்ததா என்று கேட்டு, வந்திருந்தால் அதை முழுமையாக வாங்கிப் படியுங்கள். அதிலுள்ள எண் 4 இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. 5 இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. 5.1.1 என்றால் அந்த முகவரி சேர்வரில் இல்லை. 5.2.2 என்றால் அஞ்சற்பெட்டி நிரம்பிவிட்டது. குப்பைக் கோப்புறையில் கிடப்பவையும் அந்த அளவில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எந்த முகவரிக்கும் எதுவுமே வரவில்லை என்றால், டொமைன் காலாவதியாகிவிட்டதா என்பதையும், எம்எக்ஸ் பதிவு (டொமைனுக்கு வரும் அஞ்சல் எந்தச் சேர்வருக்குச் செல்ல வேண்டும் என்ற குறிப்பு) சரியான சேர்வரைக் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

அறிவிப்பு வராமலே தொலையும் கடிதங்கள்தாம் எனக்கு அதிகம் கவலை தருபவை. வெளிநாட்டிலிருந்து அறை கேட்டு எழுதியவர், பதில் இல்லாததால் வேறிடம் பார்த்துக்கொள்வார். விடுதிக்காரருக்கோ அப்படியொருவர் எழுதியதே தெரியாது. இது பெரும்பாலும், இணையத்தளத்தைப் பழைய ஹோஸ்டிங்கிலேயே விட்டுவிட்டு, மின்னஞ்சலை மட்டும் கூகுளுக்கோ மைக்ரோசொப்டுக்கோ மாற்றிய பின்னர் நிகழ்கிறது. வெளியிலிருந்து வருபவை எம்எக்ஸ் பதிவைப் பார்த்துப் புதிய இடத்துக்குச் செல்கின்றன. ஆனால் ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகையான சீபெனலில் மின்னஞ்சல் வழிப்படுத்தல் 'லோக்கல்' என்றே இருந்தால், அதே சேர்வரிலுள்ள இணையத்தளத்தின் படிவத்தில் நிரப்பப்படும் கடிதங்கள் எம்எக்ஸைப் பாராமல், யாரும் திறக்காத பழைய பெட்டியிலேயே விழுகின்றன. அதை 'ரிமோட்' என்று மாற்றினால் போதும். மாற்றிய கையோடு பழைய வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். காணாமற்போனதாக நினைத்த கடிதங்கள் அங்கேயே இருக்கக்கூடும்.

நீங்கள் அனுப்புபவை ஸ்பாமில் விழுவது வேறு சிக்கல். 2024 பெப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லா டொமைன்களுக்கும் எஸ்பிஎப் (உங்கள் பெயரில் எந்தச் சேர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகிம் (கடிதத்தில் இடப்படும் மின்னொப்பம்) இருக்க வேண்டும். ஒரு நாளில் 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகின்றவர்களுக்கு இரண்டுடன், அந்தச் சோதனைகளில் தோற்கும் கடிதத்தை என்ன செய்வது என்று கூறும் டிமார்க்கும் வேண்டும். சிறு விடுதிக்கு அந்த அளவு எட்டாதெனினும், மூன்றையும் இட்டுவைப்பதே நல்லது. எஸ்பிஎப்பில் நான் அடிக்கடி காண்பது, ஹோஸ்டிங்குக்கு ஒன்று, கூகுளுக்கு ஒன்று என இரண்டு பதிவுகள் இருப்பது. ஒரு டொமைனுக்கு ஒரு பதிவுதான் செல்லும். இரண்டு இருந்தால் சோதனை பிழையாகிவிடும் என்பதால், இரண்டையும் ஒரே வரியில் இணைக்க வேண்டும். அந்த வரி பிற டிஎன்எஸ் பதிவுகளை (டொமைன்கள் பற்றிய பொதுக் குறிப்புகளை) தேடும் தடவைகளும் 10ஐத் தாண்டக்கூடாது. மாற்றியதும் உடனே பலன் தெரியாவிட்டால் பதற்றப்பட வேண்டாம். பதிவின் டிடிஎல், அதாவது பிற சேர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் காலம், 14400 செக்கன் என்றிருந்தால், பழைய விபரம் 4 மணித்தியாலங்கள் வரை பிற சேர்வர்களின் நினைவில் இருக்கும்.

தொடர்புப் படிவத்தில் இன்னொரு கண்ணி உண்டு. படிவத்தை நிரப்பியவரின் யாஹூ முகவரியையே 'அனுப்புநர்' இடத்தில் வைத்து உங்கள் தளம் கடிதம் அனுப்பினால், யாஹூவின் பெயரில் வேறொருவர் எழுதுவதாகவே அது தோன்றும். யாஹூவின் டிமார்க் கொள்கையோ அத்தகையவற்றை நிராகரிக்கச் சொல்கிறது. அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியையும், பதில் செல்லும் இடத்தில் விருந்தினரின் முகவரியையும் இட வேண்டும். உங்கள் தளம் வேர்ட்பிரஸில் அமைந்ததென்றால், அஞ்சலை முறைப்படி அனுப்பும் எஸ்எம்டிபி செருகி ஒன்றை நிறுவி, 587 அல்லது 465 ஆம் போர்ட் வழியே கடவுச்சொல்லுடன் அனுப்பச் செய்வது இன்னும் உறுதியானது.

டொமைனுக்கு வருபவற்றைக் கொழும்பிலுள்ள பிள்ளையின் ஜிமெயிலுக்கு முன்னனுப்பும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. முன்னனுப்பும்போது அனுப்பும் சேர்வர் மாறிவிடுவதால் எஸ்பிஎப் தோற்றுவிடும். டிகிம் ஒப்பம் இல்லாத கடிதம் மறுக்கப்படக்கூடும். பிள்ளையின் தொலைபேசியில் அந்தக் கணக்கையே, சேர்வரிலுள்ள பெட்டியை நேரே காட்டும் ஐமேப் முறையில் சேர்த்துவிடலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால், பலர் ஒரே சேர்வரைப் பயன்படுத்தும் பகிர்வு ஹோஸ்டிங்கில் உங்களோடு இருக்கும் வேறொருவரின் ஸ்பாமினால் அந்தச் சேர்வரின் ஐபி முகவரி ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலில் ஏறியிருக்கலாம். அதை நீக்குவது ஹோஸ்டிங் நிறுவனத்தின் பொறுப்பு. 'மெயில் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதையும் தேட முடியாது. அனுப்பியவர், பெறுநர் முகவரிகளையும், திரும்பி வந்த அறிவிப்பின் முழு வாசகத்தையும், அனுப்பிய நேரத்தையும் கொடுங்கள். சேர்வர்ப் பதிவேடுகள் பெரும்பாலும் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருப்பதால், இலங்கை நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழித்து எழுதினால் அவர்கள் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதாகும்.