விறாந்தையை அடைக்க வேண்டாம்

கண்டிக்கு அருகே பழைய விரிவுரைக் கட்டடம் ஒன்றை, மாணவர்கள் குழுவாக அமர்ந்து வேலை செய்யும் இடமாக மாற்றும் பணியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். எந்தக் கட்டடம் என்பது இங்கே முக்கியமல்ல. முதலில் வந்த வரைபடம், விறாந்தையைக் கண்ணாடியால் அடைத்துக் குளிரூட்டியும் பொருத்தச் சொன்னது. நுவரெலியாக் குளிரில் வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது.

மலைநாட்டில் கூடிப் பேசும் இடத்துக்குச் சுவர் தேவைப்பட்டதில்லை. 1815இல் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான, கண்டி மன்னர்களின் அரசவையான மகுல் மடுவவும் தூண்களும் கூரையும் மட்டுமே கொண்ட மண்டபந்தான். 1952இல் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பல்கலைக்கழகம் இடம்பெயர்ந்தபோது அங்கு எழுந்திருந்த, கட்டடக் கலைஞர் ஷெர்லி டி அல்விஸின் கட்டடங்களிலும் அந்த மரபின் சாயலைக் காணலாம்.

வேலையில் எங்களை அதிகம் சோதித்தது சுவர்தான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கற்சுவருக்கு எப்போதோ யாரோ சீமெந்து பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்திருந்தார்கள். மேசன் பாஸ் சுத்தியலின் பின்புறத்தால் மெல்லத் தட்டினார். வெறும் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது. இரண்டாவது தட்டில் பூச்சு பாளமாகக் கழன்று விழ, உள்ளே சாந்து ஆற்றுமணல்போல் ஈரமாக இருந்தது. மழையில் சுவர் உறிஞ்சும் நீர் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகிவிடும். சீமெந்து அதற்கு வழிவிடாததால், ஈரம் உள்ளேயே தங்கி, உப்பைக் கிளப்பிப் பூச்சை உப்பவைக்கிறது. ஆகவே முழுவதையும் கொத்தியெடுத்து மீண்டும் சுண்ணாம்பே பூசுகிறோம். அது காயும்வரை பொறுக்க வேண்டும் என்பதை மேலிடத்துக்கு விளக்குவதுதான் பூசுவதைவிடக் கடினம்.

மற்றவை எளியவை. தரையோடு பொருத்தியிருந்த வாங்குகளுக்குப் பதிலாகச் சில்லு வைத்த மேசைகள். உயரமான கூரையில் எழும் எதிரொலியைக் குறைக்கத் தும்புப் பலகைகள். சுவரை வெட்டாமல், வெளியே குழாய்களில் ஓடும் மின்கம்பிகள். பின்னர் கழற்றினாலும் கட்டடத்தில் வடு இருக்காது.

கண்ணாடி யோசனை இன்னும் முற்றாகக் கைவிடப்படவில்லை. நேற்றுப் பின்னேரம் மழைக்குள் போய்ப் பார்த்தேன். விறாந்தை அரைச்சுவரில் நான்கு மாணவர்கள் அமர்ந்து, உள்ளே இருந்த ஒரேயொரு பிளக்கிலிருந்து யன்னல் வழியாக வயரை இழுத்து, ஒரே மடிக்கணினியைச் சுற்றித் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரைச்சுவரோரம் ஆறு பிளக் வேண்டும் என்று இன்று காலை வரைபடத்தில் குறித்து அனுப்பிவிட்டேன்.