ஆண் எலிகளை வைத்து எழுதிய வலி

பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு மருந்து ஆய்வகத்தின் அனிமல் ஹவுஸில், அதாவது சோதனை விலங்குகளை வளர்க்கும் பிரிவில், நான் வேலைக்குச் சேர்ந்தபோது, வலி மருந்துச் சோதனைக்கு வந்த சுண்டெலிகள் எல்லாமே ஆண். ஏன் என்று கேட்டால், பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கொரு முறை ஹார்மோன் ஏறி இறங்கும், அளவீடு சிதறும் என்பார்கள்.

ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வரும் டெக்னீஷியன் அண்ணன் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "காலையில வந்து கூண்டைப் பாரும்மா. வால் கடிபட்டு, முதுகு கிழிஞ்சு கிடக்கிறதெல்லாம் ஆண்தான்" என்பார். உண்மைதான். நாலைந்து ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் ஒன்று அதிகாரம் செய்யும், மற்றவை ஒடுங்கும். அதற்கேற்ப அவற்றின் ஹார்மோனும் மாறும். அந்தச் சிதறல் மட்டும் யார் கண்ணையும் உறுத்தவில்லை. 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 293 கட்டுரைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, ஹார்மோன் சுழற்சியில் அது எந்த நாள் என்று கணக்கில் எடுக்காவிட்டாலும் பெண் எலிகள் ஆண்களைவிட அதிகம் சிதறுவதில்லை என்று காட்டினார்கள். அத்தனை காலம் எல்லோரும் நம்பியதைப் பெரும்பாலோர் முறையாக அளந்தே பார்க்கவில்லை!

மனிதர்களிடமும் இதே கதைதான். கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த கொடுமைக்குப் பிறகு, 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கும் வயதுப் பெண்களை ஆரம்பக்கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. கருவைக் காக்கும் அக்கறை அது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பெண் உடலைப் பற்றிய தகவலும் அதோடு நின்றுபோனது. 1993-இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். 1992-இல் அனுமதி பெற்ற சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கோ, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்க 2013 வரை ஆனது. பெண்களின் ரத்தத்திலிருந்து அது மெதுவாக வெளியேறுவதால் மறுநாள் காலை வண்டி ஓட்டுவதே ஆபத்து.

என்னை உலுக்கியது 2015-இல் வந்த ஒரு கட்டுரை. நரம்பு அடிபட்டபின் நீடிக்கும் வலிக்கு முதுகுத்தண்டிலுள்ள மைக்ரோகிளியா என்ற நோய் எதிர்ப்பு செல்கள்தான் காரணம் என்று படித்திருந்தோம். அது ஆண் சுண்டெலிக்குச் சரி. பெண் சுண்டெலியிலோ மைக்ரோகிளியாவைத் தடுத்தாலும் வலி குறையவில்லை. அங்கே வேலை செய்வது டி-செல்கள் என்ற வேறொரு வகை நோய் எதிர்ப்பு செல்களாக இருக்கலாம் என்றார்கள்.

அறிவியலில் நியாயம், சமத்துவம் போன்ற விழுமியங்கள் நுழைந்தால் உண்மை கெடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெண்களையும் கணக்கில் எடுங்கள் என்ற நியாயக் குரல்தான் இங்கே சரியான உயிரியலைக் கொண்டுவந்தது. இப்போது பட்ஜெட் கூட்டத்தில் பெண் எலிகளுக்கான கூண்டுச் செலவை வெட்டலாமா என்று பேச்சு வந்தால், அந்த 2015 கட்டுரையின் வரைபடத்தைத்தான் மேசையில் வைக்கிறேன்.